ஒரு பல் கூடினால், ஒரு பல் குறைந்தால்: பைக் ஸ்பிராக்கெட் கணக்கு

செயின் செட் மாற்ற வண்டியைப் பட்டறையில் விடும் நாளில்தான் இந்தப் பேச்சு வரும். "முன்னாடி ஒரு பல் கம்மியா போட்டுக்க, பவர் எகிறும்" என்பார் ஒருவர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர், "அதெல்லாம் வேணாம், ஒரு பல் கூட்டிப் போடு. டாப் ஸ்பீடும் ஏறும், மைலேஜும் கிடைக்கும்" என்பார். இரண்டு பேருமே அடித்துச் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் குழப்பமும் இருக்கிறது.

இப்படிக் கேள்விப்பட்டதை நம்பிச் செலவு செய்தவர்கள் நிறைய. நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த வகுத்தலும் பெருக்கலும் போதும், இந்த விஷயம் முழுதும் பிடிபட்டுவிடும். அதனால் முதலிலிருந்தே பார்க்கலாம்.

ஸ்பிராக்கெட் என்றால் செயின் மாட்டி ஓடும் பல்சக்கரம். பைக்கில் இரண்டு இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டில் சின்னது ஒன்று, பின் சக்கரத்தில் பெரியது ஒன்று. இந்தக் கட்டுரையில் முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் என்றே சொல்கிறேன்.

பழனியில் இரண்டு வழி

பழனி மலைக்கு நடந்து போனவர்களுக்குப் படிப்பாதையும் தெரியும், யானைப்பாதையும் தெரியும். படிப்பாதை செங்குத்து. தூரம் குறைவு, ஆனால் ஒவ்வொரு படிக்கும் தொடை வலிக்கும். யானைப்பாதை சரிவாகச் சுற்றிப் போகும். எட்டு அதிகம் வைக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு எட்டும் லேசாக இருக்கும். வயதானவர்களும் குழந்தையைத் தூக்கி வருபவர்களும் யானைப்பாதையில் ஏறுவது அதனால்தான்.

எந்த வழியில் போனாலும் ஏறும் உயரம் ஒன்றுதான். உங்கள் உடம்பின் பலம் வழியை மாற்றியதால் கூடவில்லை. ஓர் எட்டுக்கு எவ்வளவு பாரம், மொத்தம் எத்தனை எட்டு என்கிற பங்கீடு மட்டும் மாறியது.

ஸ்பிராக்கெட் மாற்றுவதும் இதே பங்கீடுதான். சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் அதிகச் சுற்று சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் பாரமும் குறையும், வண்டி லகுவாக இழுக்கும். இன்ஜின் குறைவான சுற்றிலேயே சக்கரத்தைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அதிகத் தூரம் போகும், ஆனால் சுற்றுக்கான பாரமும் கூடும்.

சைக்கிளில் பெரியது முன்னால், பைக்கில் பெரியது பின்னால்

பலரும் தடுமாறும் இடம் இது. நாம் முதலில் பழகிய செயின் சைக்கிள் செயின். அதில் பெடல் பக்கம் நாற்பதுக்கு மேல் பல் உள்ள பெரிய சக்கரம், பின்னால் இருபதை ஒட்டிய சின்னச் சக்கரம். பைக்கில் அப்படியே தலைகீழ்.

காரணம், சுற்றுவது யார் என்பதில் இருக்கிறது. கால் மெதுவாகத்தான் மிதிக்கும். நிதானமாகப் போகும்போது நிமிடத்துக்கு அறுபது சுற்று வந்தாலே நல்ல மிதி. ஆனால் அந்த மிதியில் உடம்பின் எடையே இறங்குகிறது, விசை தாராளம். ஆகவே சைக்கிள் செயின் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும்.

பைக் இன்ஜினோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. அந்த எண்ணைத்தான் ஆர்பிஎம் என்கிறோம். வேகம் ஏராளமாக இருக்கிறது, ஒரு சுற்றின் முறுக்கு மட்டும் போதாது. அதனால் பைக் செயின் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிறது. சின்னது பெரியதைச் சுற்றுகிறது.

சைக்கிள் மனக்கணக்கை அப்படியே பைக்குக்குக் கொண்டுவந்தால் எல்லாம் குழம்பும். முன்னாலும் பின்னாலும் "பெரியது" என்ற சொல்லுக்குப் பலன் எதிரெதிர். முன் ஸ்பிராக்கெட் பெரிதானால் வேகத்தின் பக்கம் சாயும். பின் ஸ்பிராக்கெட் பெரிதானால் இழுவையின் பக்கம் சாயும். "பெரிய வீல் போட்டேன்" என்று யாராவது சொன்னால் எந்த வீல் என்று கேட்காமல் மேலே பேச முடியாது.

இதுவரை பார்த்ததில் நினைவில் இருக்க வேண்டியது: முன்னால் பல் குறைப்பதும் பின்னால் பல் கூட்டுவதும் ஒரே திசை, இழுவை. முன்னால் கூட்டுவதும் பின்னால் குறைப்பதும் மற்றொரு திசை, ஆர்பிஎம் குறைந்த நிதான ஓட்டம்.

வகுத்துப் பாருங்கள்

பின் ஸ்பிராக்கெட்டின் பல்லை முன் ஸ்பிராக்கெட்டின் பல்லால் வகுத்தால் கிடைப்பது விகிதம். கேடிஎம் 390 டியூக்கில் பல ஆண்டுகளாக முன்னால் 15 பல், பின்னால் 45 பல். 45 ÷ 15 = 3. அதாவது பின் சக்கரம் ஒருமுறை சுற்ற முன் ஸ்பிராக்கெட் மூன்று முறை சுற்ற வேண்டும். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல் முன்னால் அதே 15, பின்னால் 38. விகிதம் ஏறக்குறைய 2.53. இரட்டை சிலிண்டர் பெரிய இன்ஜின், கீழ் ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும். அதற்கு அவ்வளவு பெருக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

விகித எண் கூடினால் ஷார்ட் கியரிங் என்கிறார்கள். ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீர்ந்து அடுத்த கியர் கேட்கும், இழுவை கூடும். எண் குறைந்தால் டால் கியரிங். ஒவ்வொரு கியரும் நீளமாகப் போகும்.

15-45 வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். முன்னால் 14 போட்டால் 45 ÷ 14, அதாவது 3.21. பழைய 3-ஐ விட 7 சதவீதம் அதிகம். முன்னால் 15-ஐ அப்படியே விட்டுப் பின்னால் 48 போட்டால் 3.2. கிட்டத்தட்ட அதே பலன். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம் என்று சொல்வது இங்கிருந்துதான் வருகிறது. அது பொது விதி கிடையாது, உங்கள் வண்டியின் விகிதம்தான் அந்த எண். இன்டர்செப்டரில் இரண்டரைப் பல்லுக்குச் சமம்.

அடுத்து, முன்னால் 16. விகிதம் 2.81, ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் 6000 ஆர்பிஎம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 பல் போட்டால் அதே வேகத்துக்கு 5625 போதும். 14 போட்டால் 6430 சுற்ற வேண்டும்.

7 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். பெரும்பாலான பைக்குகளில் மேல் இரண்டு கியர்களுக்கு இடையே உள்ள தூரமே 12 முதல் 20 சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆக முன்னால் ஒரு பல் என்பது ஏறக்குறைய அரை கியர். இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டும்போது எப்படி இருக்கும் என்பதைக் கண்முன் நிறுத்திவிடும். 14 போட்டு ஆறாவது கியரில் போவது, பழைய வண்டியில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு கியர் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

பவர் கூடுமா?

கூடாது. சக்கரத்தில் இழுவிசை கூடும். இந்த வேறுபாட்டுக்கு இரண்டு சொற்கள் தேவை.

டார்க் என்றால் தண்டைத் திருகும் முறுக்கு விசை. இறுகிய நட்டை ஸ்பேனரால் திருப்பும்போது கை கொடுப்பது அதுதான். பவர் என்றால் அந்த முறுக்கை எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பக் கொடுக்க முடிகிறது என்பது, முறுக்கும் சுற்று வேகமும் சேர்ந்த பெருக்கல். ஸ்பிராக்கெட் முறுக்கை 7 சதவீதம் கூட்டினால் சுற்று வேகத்தை அதே 7 சதவீத அளவில் வாங்கிக்கொள்ளும். பெருக்கிப் பார்த்தால் பழைய எண்ணே வரும். செயின் உராய்வில் கொஞ்சம் போகுமே தவிர எங்கிருந்தும் புதிதாக வராது.

அப்படியென்றால் 14 பல் போட்டவர் "வண்டி பறக்குது" என்பது பொய்யா? இல்லை. அவர் உணர்வது உண்மை. சிக்னலில் கிளட்சை விட்டதும் வண்டி துள்ளிக் கிளம்புகிறது, இரண்டாவது கியரில் ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறவில்லை. நம் ஊர் பேச்சில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: பிக்கப். பிக்கப் கூடியது, பவர் அப்படியே இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பின்னால் ஆளோடு ஏறியவர்களுக்கு இந்த 7 சதவீதத்தின் அருமை தெரியும். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவிக்கும் வளைவுகள் பலவற்றை இரண்டாவது கியரிலேயே எடுத்துவிடலாம். இறங்கும்போது இன்னொரு லாபம். ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிடியும் அதே அளவு கூடுகிறது, பிரேக்குக்கு வேலை குறைகிறது.

டாப் ஸ்பீடு: பல் கூட்டினால் ஏறுமா?

காகிதத்தில் ஏறும். சாலையில் பெரும்பாலும் ஏறாது, சில வண்டிகளில் குறையவே செய்யும். இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வண்டியின் உச்ச வேகத்தைத் தடுப்பது இரண்டில் ஒன்று. ஒன்று, இன்ஜின் இதற்கு மேல் சுற்றக் கூடாது என்று மின்னணுக் கட்டுப்பாடு நிறுத்திவைப்பது, அதாவது ரெவ் லிமிட்டர். இன்னொன்று காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவையான பவர் எட்டு மடங்காகும். அறுபதில் போகும் வண்டியை நூற்றிருபதில் ஓட்ட, காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு பவர் தேவை. சின்ன, நடுத்தர பைக்குகளில் பெரும்பாலும் காற்றுதான் முதலில் ஜெயிக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு வண்டி. அதன் இன்ஜினில் அதிகபட்ச பவர் வருவது 8500 ஆர்பிஎம்மில். டாப் கியரில் 8000 வரை ஏறி அதற்கு மேல் நகராமல் நின்றுவிடுகிறது. இதில் 15-ஐ எடுத்துவிட்டு 16 பல் போடுகிறோம். பழைய உச்ச வேகத்தை எட்ட இப்போது 7500 போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் 7500-ல் இந்த இன்ஜினிடம் அவ்வளவு பவர் கிடையாது. காற்றோ அதே அளவு தள்ளுகிறது. ஆகவே வண்டி பழைய உச்ச வேகத்தையே எட்டாமல் அதற்குக் கீழே நின்றுவிடும். மாறாக 14 போட்டால் அதே வேகத்தில் 8570, பவர் உச்சத்துக்குப் பக்கத்தில். உச்ச வேகம் ஒரு துளி கூடக்கூட வாய்ப்புண்டு. பல் குறைத்து டாப் ஸ்பீடு ஏறியது என்று ஒருவர் சொன்னால் உடனே மறுக்க வேண்டாம், அவர் வண்டி இந்த வகையாக இருக்கலாம்.

டாப் கியரில் ரெவ் லிமிட்டரைத் தொட்டுவிட்டு, "இன்னும் இழுக்கும், லிமிட்டர்தான் விடமாட்டேன் என்கிறது" என்ற நிலையில் நிற்கும் வண்டிக்குத்தான் பல் கூட்டுவது உச்ச வேகத்தைக் கூட்டித் தரும். உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க நெடுஞ்சாலையில் முறுக்கிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து. டாப் கியரில் 60-ல் போகும்போது ஆர்பிஎம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் போதும், வேகமும் ஆர்பிஎம்மும் ஒரே விகிதத்தில்தான் ஏறும். மீதியை வீட்டில் உட்கார்ந்து பெருக்கிக்கொள்ளலாம்.

பந்தயத் தளங்களில் இந்தக் கணக்கு அன்றாட வேலை. சென்னைப் பக்கம் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம் நீளமானது, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே அதைவிடச் சின்னது. ஒரே வண்டியை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோகும் அணி பின் ஸ்பிராக்கெட்டைப் பையில் வைத்திருக்கும். நேர்ப்பாதையின் முடிவில் டாப் கியர் எந்த ஆர்பிஎம்மைத் தொடுகிறது என்று பார்த்து ஒரு பல், இரண்டு பல் என்று மாற்றுவார்கள்.

சுருக்கிச் சொன்னால், பவர் இன்ஜினில் இருக்கிறது, உச்ச வேகத்தைப் பெரும்பாலும் காற்று முடிவு செய்கிறது. அந்த பவரை எந்தச் சாலையில், எந்த ஆர்பிஎம்மில் செலவழிப்பது என்பதைத்தான் ஸ்பிராக்கெட் முடிவு செய்கிறது.

நான் 16 பல் போட்ட கதை

என் வண்டியும் 15-45தான். சென்னையிலிருந்து விழுப்புரம் பக்கம் மாதம் இரண்டு மூன்று முறை போய்வந்த காலம். நெடுஞ்சாலையில் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போனது. ஆர்பிஎம் குறைந்தால் அதிர்வு குறையும், மைலேஜும் வரும் என்று கேட்டு, ஜி.பி. ரோட்டில் 16 பல் ஸ்பிராக்கெட் வாங்கி மாட்டினேன்.

நெடுஞ்சாலையில் சொன்னது நடந்தது. தொண்ணூறில் வண்டி அமைதியாகப் போனது, விரல் மரத்துப்போகவில்லை. ஆனால் நான் வாரத்தில் ஆறு நாள் ஓட்டுவது நகரத்துக்குள். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் இரண்டாவது கியரில் இன்ஜின் இடித்தது, முதல் கியருக்குப் போனால் உறுமியது. ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சைப் பாதி பிடித்து நழுவவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. மூன்றாவது மாதம் மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்க ஆரம்பித்திருந்தது. மைலேஜும் கூடவில்லை. இன்ஜின் திணறும் ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அதிகம் திறக்க வேண்டியிருந்தது. டால் கியரிங் மைலேஜ் தருவது ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகிறவருக்கு. நின்று நின்று போகிறவருக்கு அது எதிராகத் திரும்பும்.

15-க்கே திரும்பினேன். ஓட்டும் சாலைக்கு ஏற்றபடிதான் ஸ்பிராக்கெட் என்பதை அமெரிக்காவில் கவாசாகி கேஎல்ஆர்650 ஓட்டுகிறவர்கள் நெடுநாளாகச் செய்துகாட்டுகிறார்கள். அந்த வண்டியில் முன்னால் 15, பின்னால் 43. காட்டுப்பாதையில் சுற்றுபவர்கள் 14 போடுவார்கள், நெடுஞ்சாலையில் கண்டம் கடப்பவர்கள் 16 போடுவார்கள். அவர்கள் பேச்சு, பெரும்பாலான நாள் எந்த வழியில் போகிறோம் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

முன்னால் மாற்றுவதா, பின்னால் மாற்றுவதா?

முன் ஸ்பிராக்கெட் விலை குறைவு, பெரும்பாலும் பழைய செயினையே வைத்துக்கொள்ளலாம். அதனால் பலர் அதைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பல்லைக் குறைக்கும்போதும் செயின் கூர்மையாக மடிகிறது. 15 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 24 பாகை மடியும். 14-ல் ஏறத்தாழ 26, 13-ல் 28. பின்னால் 45 பல்லில் 8 பாகைதான். மடியும் இடத்தில்தான் செயின் தேய்கிறது. அதனால் முன்னால் ஒரு பல்லுக்கு மேல் குறைக்காதீர்கள் என்பேன். செயின் கீழே தாழ்ந்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மேலுள்ள ரப்பர் பட்டையை உரசுவதும் அப்போதுதான். கூட்டுவதற்கும் எல்லை உண்டு: முன் ஸ்பிராக்கெட்டின் மூடிக்குள் இடம் இருக்க வேண்டும்.

நுணுக்கமாக ஒன்றிரண்டு பல் மாற்ற நினைத்தால் பின் ஸ்பிராக்கெட் நல்லது. 45-க்குப் பதில் 46 என்றால் 2 சதவீதம்தான் மாறும், இவ்வளவு சின்ன மாற்றம் முன்னால் கிடைக்காது.

செயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 520 செயினில் ஒரு கண்ணியின் நீளம், பிட்ச் என்பார்கள், 15.875 மில்லிமீட்டர். முன்னால் ஒரு பல் குறைத்தால் செயின் சுமார் 8 மில்லிமீட்டர் மிச்சமாகும், அதைச் சரிக்கட்டப் பின் சக்கரம் 4 மில்லிமீட்டர் பின்னால் போகும். பின்னால் மூன்று பல் கூட்டினால் சக்கரம் 12 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். அட்ஜஸ்டரில் அந்த இடம் இல்லையென்றால் நீளமான செயின்தான் வழி. செயின் எண்ணின் முதல் இலக்கம் பிட்ச்சைச் சொல்கிறது: 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம், 428 போன்றவற்றில் 4 என்றால் அரை அங்குலம். ஸ்பிராக்கெட் வாங்கும்போது வண்டிப் பெயரோடு செயின் எண்ணையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட, மாற்றுவதைச் செயின் செட் மாற்றும் நாளுக்குத் தள்ளிப்போடுவது நல்லது. ஓடிய செயினில் கண்ணிகளின் இணைப்பு தேய்ந்து மொத்த நீளம் கூடியிருக்கும். அதைப் புது ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் கண்ணி பல்லில் சரியாக உட்காராது, புதுப் பல் சீக்கிரம் கொக்கிபோல் வளைந்துவிடும். செயின், முன், பின் மூன்றும் சேர்ந்து புதிதாக வரும்போது விரும்பிய அளவைக் கேட்டு வாங்கலாம், தனிச் செலவும் இல்லை.

ஸ்பீடோமீட்டரும் சாக்பீஸும்

மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுமா என்பது, வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. முன் சக்கரத்திலிருந்தோ பின் சக்கரத்திலிருந்தோ எடுத்தால் எதுவும் மாறாது. கியர்பாக்ஸ் தண்டிலிருந்து எடுக்கும் வண்டிகளில் கணக்கு பிசகும். 14 பல் போட்டால் உண்மையில் 60-ல் போகும்போது முன்பைவிட 4 கிலோமீட்டர் கூடக் காட்டும், கிலோமீட்டர் எண்ணும் அதே கணக்கில் வேகமாக ஓடும். 16 போட்டால் குறைத்துக் காட்டும். பல் கூட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், நினைத்ததைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு பின்னால் உட்காருபவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

உங்கள் வண்டியில் இப்போது எத்தனை பல் என்று தெரியுமா? பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் எண் பொறித்திருக்கும், சேற்றைத் துடைத்தால் தெரியும். இல்லையென்றால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணத் தொடங்குங்கள். சக்கரத்தை டயரைப் பிடித்தே மெல்லத் தள்ளுங்கள், விரல் செயினுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். இன்ஜின் ஓடும்போது செயினைத் தொட்டு விரலை இழந்தவர்கள் உண்டு. முன் ஸ்பிராக்கெட்டைப் பார்க்க மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே கிரீஸும் மண்ணும் சேர்ந்து கட்டியாக அப்பியிருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு எண்ணுங்கள். முந்தைய சொந்தக்காரர் மாற்றியிருந்தால் கம்பெனி சொல்லும் எண்ணுக்கும் நீங்கள் எண்ணியதற்கும் வித்தியாசம் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியென்றால் முதலில் இதைச் செய்யுங்கள்.